சோதனைக்கு முன்னைய நிலை

இரசாயன ஆய்வுகூடத்தில் ஒரு மாணவன் தன் சோதனைக் குழாயைக் கழுவாது வைத்துச் சென்றானாயின், அடுத்து வருபவன் அதிற் காணும் வீழ்படிவு எவருடைய உப்பிற்கு உரியது என்று கூறல் அரிது. கணினி நிரல்களைச் சோதிப்போரும் இவ்விடரினின்று தப்பியவரல்லர்.

பெரியதொரு நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே எடுத்து, அவை செய்ய வேண்டியதைச் செய்கின்றனவா என மற்றொரு நிரலைக் கொண்டே பார்ப்பது அலகுச் சோதனை எனப்படும். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு இதற்கென ஜாஸ்மின், மோக்கா, ஜெஸ்ட் முதலிய கருவிகள் உள. சோதனைகள் பலவற்றிற்கும் பொதுவான தொடக்க நிலையை ஓரிடத்தில் எழுதிவைக்க அவை இரு வழி தருகின்றன. ‘பிஃபோர் ஈச்’ ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் அந்நிலையைப் புதிதாக ஆக்கும். ‘பிஃபோர் ஆல்’ (மோக்காவில் ‘பிஃபோர்’) தொகுதி முழுமைக்கும் ஒரு முறையே ஆக்கும். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றும்; விளைவோ சிறிதன்று.

கொழும்பின் கரையோரப் புகையிரதப் பாதையிலுள்ள கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை என்னும் நான்கு நிலையங்களை வடக்கிலிருந்து தெற்காக ஒரு பட்டியலில் அமைத்து, அதனை ஒரு முறை மாத்திரம் ஆக்கி, இரு சோதனைகளுக்கு வழங்கியதாகக் கொள்வோம். முதற் சோதனை, பெயர்களை அகரவரிசைப்படுத்தும் பகுதியை நோக்குவது. அப்பகுதி ‘சோர்ட்’ என்னும் கட்டளையைக் கையாளுகின்றது. இக்கட்டளை புதிய பட்டியலை ஆக்குவதில்லை. கொடுத்த பட்டியலையே மாற்றிவிடும். (2023ஆம் ஆண்டு மொழி நியமத்திற் சேர்ந்த ‘டு சோர்ட்டட்’ மூலத்தைத் தொடாது.) இரண்டாஞ் சோதனை, கொள்ளுப்பிட்டிக்கு அடுத்த நிலையம் யாது என வினவுகின்றது. விடையாக வருவது தெகிவளை! பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் நில்லாத கடுகதி வண்டி போலும். குற்றம் யாதும் அறியாத இரண்டாம் பகுதி பழி சுமக்கின்றது. அச்சோதனையைத் தனியே ஓட்டினாற் பிழை மறையும். கூட்டாக ஓட்டின் மீண்டும் தோன்றும். சோதனைகளின் வரிசையை மாற்றி எழுதினாலோ இரண்டுமே தேறிவிடும். பிழை உள்ளே உறங்கும்.

‘கான்ஸ்ட்’ என அறிவித்த பட்டியல் மாறாதென எண்ணுவார் உளர். அச்சொல், பெயரை வேறொரு பொருளுக்குச் சூட்டுவதைத் தடுக்குமேயன்றிப் பட்டியலின் உள்ளீட்டைக் காவாது. ஆகவே மாறக்கூடிய பொருளை ‘பிஃபோர் ஈச்’ உள்ளே ஆக்குதலே தக்கது. தரவுத்தளத் தொடர்பு போன்று, ஆக்குவதற்குக் காலம் பிடிப்பனவற்றை ஒரு முறை மாத்திரம் ஆக்கலாம்.

துப்புரவு செய்வதைச் சோதனையின் இறுதி வரியில் எழுதுவதும் தவறு. இடையிலே சோதனை தோற்பின் அவ்வரி நிறைவேறாது போகலாம்; ‘ஆஃப்டர் ஈச்’ உள்ளே எழுதியதோ சோதனை தோற்பினும் நிறைவேறும்.

எனினும் எல்லாவற்றையும் பொதுவிடத்திற் குவித்தலும் நன்றன்று. ஒரு சோதனைக்கு மட்டும் வேண்டிய மதிப்பு அதனுள்ளேயே இருப்பின், அது தோற்ற நாளிற் படிப்பவன் பக்கம் புரட்டித் தேட வேண்டியதில்லை.