காப்புரிமைக் கோரிக்கை: 'மட்டுமே' என்ற ஒரு சொல் எதை மாற்றும்? சந்தேகங்களும் விளக்கங்களும்

கண்டுபிடிப்பு புதியதா என்பதை, விண்ணப்பத்தில் உள்ள கோரிக்கை வாசகத்தைப் பழைய தகவல்களோடு ஒப்பிட்டே காப்புரிமை அலுவலகம் முடிவு செய்கிறது. இது குறித்த பொதுவான சந்தேகங்களும் விளக்கங்களும்:

கோரிக்கை என்பது என்ன?

எதற்கு உரிமை கேட்கப்படுகிறது என்பதை வரையறுக்கும் பகுதி இது. முழு விவரக்குறிப்பின் இறுதியில் இடம்பெறும். காப்புரிமை கிடைத்து, புதுப்பிப்புக் கட்டணமும் செலுத்தப்பட்டு வந்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு இந்த வரையறைக்குள் பாதுகாப்பு உண்டு.

எவற்றோடு ஒப்பிடப்படுகிறது?

விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதிக்கு (பொதுவாக, கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாள்) முன் உலகில் எங்கு வெளியான காப்புரிமை ஆவணம், நூல், கட்டுரையானாலும் கணக்கில் வரும். விண்ணப்பதாரரே முன்னதாக வெளியிட்ட தகவலும், சட்டம் அனுமதிக்கும் சில விதிவிலக்குகள் தவிர, அவருக்கு எதிராகவே அமையும்.

பழைய பொருளில் கூடுதல் பாகம் இருந்தால், புதியது வேறுதானே?

'டிரம், குழவிக்கல், மோட்டார் ஆகியவற்றைக் கொண்ட கிரைண்டர்' என்பது கோரிக்கை எனக் கொள்ளலாம். இந்த மூன்றுடன் டைமரும் உள்ள கிரைண்டர் ஏற்கெனவே இருந்தால், கோரிக்கை புதுமையை இழக்கும். 'கொண்ட' என்ற சொல் வேறு பாகங்களை விலக்காததே காரணம்.

'மட்டுமே கொண்ட' என்று எழுதினால்?

டைமர் உள்ள பழைய கிரைண்டர் அப்போது புதுமையைக் கெடுக்காது. ஆனால், டைமரை நீக்குவது அத்துறை தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றுமா என்ற அடுத்த சோதனை உண்டு. பாதுகாப்பும் குறுகும்: போட்டியாளர் ஒரு பாகத்தைச் சேர்த்தே கோரிக்கைக்கு வெளியே போய்விடலாம்.

இரண்டு பழைய ஆவணங்களை இணைத்து மறுக்கலாமா?

புதுமை இல்லை என மறுக்க, கோரிக்கையின் எல்லா அம்சங்களும் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும். எளிதில் தோன்றக்கூடியது என மறுப்பதற்கு, பல ஆவணங்களைச் சேர்த்துப் பார்க்கலாம்.

பழைய ஆவணத்தால் காப்புரிமை ரத்தானது உண்டா?

உண்டு. மஞ்சள்தூளால் காயம் ஆற்றும் முறைக்கு 1995-இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. இதை எதிர்த்து இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் (சிஎஸ்ஐஆர்) அளித்த சான்றுகளில், இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953-இல் வெளியான கட்டுரையும் ஒன்று. 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது.

இந்தியாவில் யார், எப்போது எதிர்க்கலாம்?

விண்ணப்பம் வெளியிடப்பட்ட பின், காப்புரிமை வழங்கப்படும் வரை எவரும் எழுத்து மூலம் எதிர்க்கலாம். வெளியான நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் காப்புரிமை வழங்கப்படாது. வழங்கப்பட்ட பின், அந்த அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள், அதில் நலன் உள்ளவர்கள் மட்டுமே எதிர்க்க முடியும்.