விலகினாரா, விலக்கப்பட்டாரா? ஆட்குறைப்பும் சொக்சோ உதவித்தொகையும்



‘உலகமயமாதல்’, ‘வேலை இழப்பு’ போன்ற தலைப்புகளில் கட்டுரை எழுதச் சொன்னால், பல மாணவர்கள் “அரசாங்கம் உதவ வேண்டும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். என்ன உதவி, யாருக்கு, எப்படி என்று கேட்டால் பதில் வராது. புக்கிட் பெருந்துங், செரண்டா, ரவாங் பக்கம் நிறைய பிள்ளைகளின் பெற்றோர் தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறார்கள். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களுக்குக் கைகொடுத்த வேலை அது. ஆகவே, இது பரீட்சைக்கு மட்டும் உரிய செய்தி இல்லை.

1. இறக்குமதிப் போட்டி

வெளிநாட்டில் மலிவாகச் செய்த பொருள் நம் சந்தைக்கு வரும்போது, அதே பொருளைச் செய்யும் உள்ளூர்த் தொழிற்சாலைக்கு ஆர்டர் குறையும். முதலில் ஓவர்டைம் நிற்கும். பிறகு ஆள் குறைப்பார்கள். இதைச் சமாளிக்க அரசு வரி விதிக்கலாம். 500 ரிங்கிட்டுக்கு மேற்போகாத இணையவழி இறக்குமதிப் பொருள்களுக்கு 1.1.2024 முதல் 10% விற்பனை வரி உண்டு. ஆனால், வரி காப்பது பொருளைத்தான். வேலை போனவருக்கு என்ன வழி?

2. அமெரிக்கா தரும் பாடம்

அதிபர் கென்னடி காலத்தில், 1962இல், இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கென்றே அமெரிக்கா ஒரு தனித் திட்டம் கொண்டுவந்தது. இறக்குமதிதான் காரணம் என்பதை நிரூபிக்க வேண்டும். இந்த நிபந்தனை மிகக் கடுமையாக இருந்ததால், முதல் 7 ஆண்டுகளில் ஒரு விண்ணப்பம்கூட ஏற்கப்படவில்லை! 1974இல் விதிகளைத் தளர்த்தினார்கள். 2022 ஜூலை முதல் புதிய விண்ணப்பங்கள் எடுப்பதும் நின்றுபோனது.

3. நம் நாட்டு வழி

மலேசியாவில் அப்படித் தனித் திட்டம் இல்லை. இருப்பது சொக்சோ நடத்தும் வேலை காப்புறுதித் திட்டம் (2017ஆம் ஆண்டுச் சட்டம் 800, 1.1.2018 முதல் நடப்பில்). சம்பளத்தில் தொழிலாளி 0.2%, முதலாளி 0.2% கட்டுகிறார்கள். ஆலை மூடப்பட்டதற்கு இறக்குமதியா, நட்டமா, வேறு காரணமா என்று இங்கே நிரூபிக்கத் தேவையில்லை. ஷா ஆலாமில் 1972 முதல் இயங்கிய குட்இயர் டயர் தொழிற்சாலை 2024 ஜூனில் மூடப்பட்டு, ஏறத்தாழ 550 பேர் வேலை இழந்தார்கள். நிறுவனம் சொன்ன காரணம் உலகளாவிய மறுசீரமைப்பு. அமெரிக்க விதி இங்கே இருந்திருந்தால் இவர்கள் பாடு என்ன ஆகியிருக்கும் என்று மாணவர்களை யோசிக்கச் சொல்லுங்கள்.

2017ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வேலை தேடும் உதவித்தொகை, 2,000 ரிங்கிட் சம்பளத்திற்கு:

முதல் மாதம் 80% – 1,600
2ஆம் மாதம் 50% – 1,000
3, 4ஆம் மாதங்கள் 40% – தலா 800
5, 6ஆம் மாதங்கள் 30% – தலா 600

6 மாதமும் கிடைத்தால் மொத்தம் 5,400 ரிங்கிட். தொகை ஏன் குறைந்துகொண்டே போகிறது? சீக்கிரம் வேலை தேடிக்கொள்ளத் தூண்டுவதற்காக. சீக்கிரமே வேலை கிடைத்துவிட்டால், மிச்சத் தொகையில் 25% ஒரே தடவையாகக் கிடைக்கும். புதுத் தொழில் கற்கப் பயிற்சிக் கட்டணமும் உண்டு.

இது சொக்சோ தருவது. முதலாளி தரவேண்டிய ஆட்குறைப்பு இழப்பீடு வேறு. 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, 5 ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 8 ஆண்டு என்றால் 160 நாள் சம்பளம். சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

4. ஓர் எழுத்து செய்யும் வேலை

இனி நம் பாடத்துக்கு வருவோம். விலகு – தன்வினை. விலக்கு – பிறவினை. ‘விலகினார்’ என்றால் அவராகவே போனார். ‘விலக்கப்பட்டார்’ என்றால் பிறர் அனுப்பினார்கள். வகுப்பில் இது ஒரு மதிப்பெண் கேள்வி. சொக்சோ முகப்பில் இதன் விலை 5,400 ரிங்கிட்! தானாக விலகியவருக்கு உதவித்தொகை கிடையாது. ஒப்பந்தக் காலம் முடிந்து போனவருக்கும் கிடையாது. சில இடங்களில் “எல்லாரும் ராஜினாமா கடிதம் கொடுத்துடுங்க, நல்லபடியா முடிச்சுக்கலாம்” என்பார்கள். மலாயில் இருக்கும் அந்தத் தாளைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால், விலக்கப்பட்டவர் விலகியவர் ஆகிவிடுவார். வீட்டில் மலாய் படிக்கத் தெரிந்த பிள்ளைதான் அதை முதலில் படித்துச் சொல்ல வேண்டும்.

நினைவில் வைக்க: வேலை போன 60 நாளுக்குள் சொக்சோவில் விண்ணப்பிக்க வேண்டும். வேலைநீக்கக் கடிதம், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

5. பயிற்சி

அ) ஆட்குறைப்பு – பிரித்தெழுதுக. (ஆள் + குறைப்பு, ளகரம் டகரமாகத் திரிந்தது.)
ஆ) நீங்கு, திருந்து, அடங்கு – பிறவினையாக்கி வாக்கியம் அமைத்திடுக.
இ) ‘ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளர்களுக்கு நம் நாட்டில் கிடைக்கும் உதவிகள் போதுமானவையா?’ – விவாதித்து எழுதுக. இரு பக்கக் கருத்துக்கும் ஒரு கணக்காவது காட்டுக.