விளக்கெண்ணெயில் துணி ஓவியம்! ஒரே குடும்பம் காப்பாற்றிய ‘ரோகன்’ கலை... தேனிக்கு என்ன சேதி?

பிடிகொடுக்காமல் பேசுபவரை “வெண்டைக்காயை விளக்கெண்ணெயில வதக்கின மாதிரி பேசுறான்”னு கம்பம், சின்னமனூர் பக்கம் கிண்டலடிப்போம். அந்த வழவழ விளக்கெண்ணெயை வைத்தே துணியில் ஓவியம் வரைய முடியும். அதுவும் துவைத்தாலும் போகாத ஓவியம் என்றால் நம்புவீர்களா? அதன் பெயர்தான் ‘ரோகன்’.

ரோகன் என்றால் என்ன?

பாரசீக மொழியில் ‘ரோகன்’ என்றால் எண்ணெய். குஜராத் மாநிலம் கட்ச் மாவட்டத்தில், புஜ் நகரில் இருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் உள்ள நிரோணா கிராமம்தான் இப்போது இதற்குப் பேர் போன ஊர். இங்குள்ள கத்ரி குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து வருகிறார்கள். நாட்டிலேயே ஆமணக்கு அதிகம் விளையும் மாநிலம் குஜராத். அதனால் மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை.

காயாத எண்ணெய் எப்படிக் காய்கிறது?

விளக்கெண்ணெயை அப்படியே துணியில் தடவினால் பிசுபிசுன்னு கறையாகத்தான் நிற்கும். நாள்கணக்கில் வைத்தாலும் காயாது. ஆனால் மணிக்கணக்கில் கடுஞ்சூட்டில் காய்ச்சும்போது அதன் வேதி அமைப்பே மாறி, காற்றில் காய்ந்து இறுகும் தன்மை வந்துவிடும். புகையும் நாற்றமும் தாங்க முடியாது, தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. அதனால் இந்த வேலையை ஊருக்கு வெளியேதான் செய்வார்கள்.

காய்ந்த எண்ணெயைக் குளிர்ந்த நீரில் ஊற்றினால் பிசின் போலத் திரளும். அதில் கனிமங்களில் இருந்து எடுத்த நிறப்பொடிகளைச் சேர்த்து அரைத்தால் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என வண்ணம் ரெடி.

வரைவது எப்படி?

இதில் பிரஷ் கிடையாது. பென்சில் கோடும் கிடையாது. கலைஞர் கொஞ்சம் வண்ணத்தை உள்ளங்கையில் வைத்து, சுமார் ஆறு அங்குல இரும்புக் கம்பியால் குழைப்பார். கைச்சூட்டில் அது நூல் மாதிரி நீளும். அந்த நூலைக் கம்பி துணியில் படாமல் மெதுவாக இறக்கி, பூவும் கொடியுமாகப் படிய விடுவார். கோலப்பொடி விரலில் இருந்து விழுவதை நினைத்துக்கொள்ளுங்கள், அப்படித்தான்.

பாதி ஓவியம் முடிந்ததும் துணியை மடித்து அழுத்தினால், மறுபாதியிலும் அதே உருவம் கண்ணாடி பிம்பம் போலப் பதியும்.

நம்ம கலம்காரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரியில் சாயம் துணிக்குள் ஊறிவிடும். ரோகனில் வண்ணம் துணியின் மேலே நிற்கும். விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படும். வாங்கும்போது இதைக் கவனித்தாலே பிரிண்ட் எது, கைவேலை எது என்பது ஓரளவு பிடிபட்டுவிடும்.

ஏன் அழியும் நிலைக்குப் போனது?

கட்ச் பகுதியின் கால்நடை வளர்ப்போரும் விவசாயிகளும்தான் இதன் வாடிக்கையாளர்கள். கல்யாணப் பெண்ணின் பாவாடை, படுக்கை விரிப்பு என எல்லாவற்றிலும் ரோகன் இருந்தது. விலை குறைந்த மில் துணியும் பிரிண்ட் துணியும் வந்ததும் அவர்கள் மெல்ல விலகினார்கள். 1980-களில் அப்துல் கஃபூர் கத்ரி என்ற இளைஞரும் வேலை தேடி வெளியூர் போய்விட்டார். குடும்பப் பெரியவர்கள் அழைத்ததால் திரும்பி வந்து தொழிலைக் கையில் எடுத்தார்.

மீண்டது எப்படி?

பாவாடைக்கு ஆள் இல்லை என்றதும், அதே வேலைப்பாட்டைச் சுவரில் மாட்டும் ஓவியமாக மாற்றினார்கள். ‘வாழ்வின் மரம்’ என்ற வடிவம் அவர்களின் அடையாளமாகவே ஆனது. 2014-ல் அமெரிக்கா சென்ற பிரதமர் மோடி, அதிபர் ஒபாமாவுக்கு ரோகன் ஓவியத்தைப் பரிசளித்ததும் நிரோணா பிரபலமானது. அப்துல் கஃபூர் கத்ரிக்கு 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போனால் தொழில் ரகசியமும் போய்விடும் என்று, முன்பு பெண்களுக்கு இதைக் கற்றுத்தர மாட்டார்கள். இப்போது வெளிக் குடும்பப் பெண்களும் பயிற்சி பெற்று வரைகிறார்கள். ஒரே குடும்பத்தை நம்பி இருந்த கலைக்கு இதுதான் பெரிய பாதுகாப்பு.

தேனிக்கு என்ன சேதி?

ரோகன் நம்ம ஊர் கலை இல்லை. ஆனால் ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் என்றாலே தறிச் சத்தம்தான். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊர் பேரே பொருளின் மதிப்பைக் கூட்டும் என்பதைப் பார்த்தோம். ஆனால் விருதும் குறியீடும் மட்டும் ஒரு தொழிலை ஓட்டிவிடாது. நிரோணாவில் நடந்தது மூன்று விஷயம்: பொருளை மாற்றினார்கள், வேலையை நேரில் காட்டினார்கள், அடுத்தவருக்கும் கற்றுக்கொடுத்தார்கள்.

வாங்குகிற நம்ம பக்கமும் ஒரு வேலை இருக்கு. அடுத்த முறை சேலை எடுக்கும்போது “இது கைத்தறியா, விசைத்தறியா? எந்த ஊர் நெசவு?”னு கடையில ஒரு வார்த்தை கேளுங்க. கேட்கிற ஆள் இருந்தால்தான் நெய்கிற ஆளும் இருப்பார்.