குழந்தைகளோடு ஒரு நாள் செம்பரம்பாக்கம் ஏரிக்கு!

அரைப் பரீட்சை லீவு விட்டாச்சு. "அம்மா, எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போயேன்!" என்று பிள்ளைகள் முந்தானையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானல், குற்றாலம் என்று பேச்சு எழும்பும். டிக்கெட், லாட்ஜ், சாப்பாடு என்று கணக்குப் போட்டதும் அந்தப் பேச்சு தானாக அடங்கிவிடும்.

சென்னையில் இருப்பவர்களும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை நிமித்தமாகப் புதிதாகக் குடிவந்திருப்பவர்களும் கட்டுச்சாதத்தோடு கிளம்பி ஒரே நாளில் திரும்பிவிடக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் செம்பரம்பாக்கம் ஏரி. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால், சென்னையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரம்தான்.

ஏரி எப்படி உண்டாச்சு?

"இது கடலாம்மா?" என்று சின்னக் குழந்தைகள் கேட்கும். அத்தனை விரிந்த நீர்ப்பரப்பு! ஆனால் இது முழுக்க இயற்கை தந்ததில்லை. மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். பள்ளத்தின் ஓரமாக நம் முன்னோர்கள் மண் கரை எழுப்பி, ஓடிவரும் மழைநீரை மடக்கி நிறுத்தினார்கள். வயலுக்கு வேண்டியதை விட மதகு. மிச்சத்தை வெளியேற்றக் கலங்கல். இவ்வளவுதான் சூட்சுமம். வயல்களுக்குப் பாய்ந்த தண்ணீர் இன்று பெரும்பாலும் சென்னை வீடுகளின் குடங்களுக்குப் போகிறது. மழைநீரோடு, கால்வாய் வழியே கிருஷ்ணா நதித் தண்ணீரும் இங்கே வந்து சேருகிறது.

முழு ஆழம் 24 அடி. நிரம்பினால் 3,645 மில்லியன் கன அடி தண்ணீர் நிற்கும். இந்த நீரைச் சுத்திகரித்துத்தான் நகரத்துக்கு அனுப்புகிறார்கள்.

அள்ளித் தந்ததும் உண்டு, அலற வைத்ததும் உண்டு. 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த பேய்மழையில் விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்க வேண்டியதாயிற்று. வழியெல்லாம் பெய்த மழையும் சேர்ந்துகொள்ள, அடையாற்றங்கரை வீடுகள் ராத்திரியோடு ராத்திரியாக மூழ்கின. 2019 கோடையிலோ இதே ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காலிக் குடங்களோடு லாரிக்குக் காத்துக் கிடந்ததை எந்த இல்லத்தரசி மறப்பாள்?

எப்போது போகலாம்?

மழைக்காலம் ஓய்ந்த பிறகு, மார்கழி, தை, மாசி மாதங்கள் உகந்தவை. ஏரியில் நீர் இருக்கும். வெயிலும் கடுமையாக இராது. கொக்கு, நீர்க்காகம், பை போன்ற அலகு தொங்கும் கூழைக்கடா எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

காலையில் பக்கத்திலுள்ள குன்றத்தூர் மலைமேல் முருகனைத் தரிசித்துவிடுங்கள். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் அது. மாலை நாலு மணிக்கு ஏரிக்கரைக்கு வந்தால், தண்ணீருக்கு அப்பால் சூரியன் இறங்கும் அழகைக் காணலாம். இருட்டு கட்டுமுன் கிளம்பிவிடுங்கள்.

தாய்மார்கள் கவனத்துக்கு

* ஏரியைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. குளிக்கவோ, கால் நனைக்கவோ பிள்ளைகளை இறக்காதீர்கள். கரைக் கற்களில் பாசி வழுக்கும். அடியில் சேறு, பள்ளம் தெரியாது. நீச்சல் தெரிந்த பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

* பலத்த மழை நாட்களிலும், உபரி நீர் திறக்கும் சமயத்திலும் போகவே வேண்டாம். காவலுக்கு நிற்பவர்கள் "போகாதீங்க" என்றால் மறுபேச்சுப் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

* புளியோதரை, எலுமிச்சை சாதம் கெடாது. தயிர் சாதத்துக்குப் பாலை அதிகம் விட்டு, ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்தால் மத்தியானம் புளிக்காமல் இருக்கும்.

* காய்ச்சி ஆறிய நீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், தண்ணீரும் தேவையில்லை.

* தொப்பி, மாற்றுத் துணி, கை துடைக்கப் பழைய டவல், குப்பை போட ஒரு பை, இவை மறக்கக் கூடாதவை.

அந்தக் குப்பைப் பையை மட்டும் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். நாம் வீசும் பிளாஸ்டிக் கவரும், குழந்தையின் அழுக்கு நாப்கினும் போய் விழுவது யாரோ ஒரு தாய் தன் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுக்கப்போகும் தண்ணீரில். அந்தத் தாய் நீங்களாகவே இருக்கலாம்!

"நம்ம வீட்டுக் குழாயில வர்ற தண்ணி எங்கேயிருந்து வருது?" என்று பாடப் புத்தகத்தில் படிப்பதைவிட, கரைமேல் நின்று பார்த்த பிள்ளைக்கு நன்றாக மனதில் பதியும். அப்புறம் பாருங்கள், பக்கெட் நிரம்பி வழிந்தால் நீங்கள் அடுப்படியிலிருந்து கத்த வேண்டியிருக்காது. "ஏரித் தண்ணி வீணாகுதும்மா!" என்று அதுவே ஓடிப்போய்க் குழாயை மூடும்.