கடல் கடக்கும் சரக்கும் வணிகக் குறியும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் மலைச்சாலையை ஒட்டித் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. இத்தகைய மலைப்பகுதியின் தேயிலையையோ மிளகையோ சொந்தப் பெயரிட்டுத் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ அனுப்ப விழையும் சிறுவணிகர், கடனுக்காகவும் ஏற்றுமதி ஆவணங்களுக்காகவும் வங்கியை நாடுகிறார். பொட்டலத்தின் மேலுள்ள பெயர் அந்நாட்டில் யாருக்கு உரியது என்ற வினா அப்போது பெரும்பாலும் எழுவதில்லை. அங்குள்ள இறக்குமதியாளரே அப்பெயரைத் தமதாகப் பதிந்துகொண்டால், நம் சரக்கை நம் பெயரில் விற்கவே பிறரது இசைவு தேவைப்படலாம்.

டிரேட்மார்க் எனப்படும் வணிகக் குறியின் உரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டது. இந்தியப் பதிவு இந்தியாவில் மட்டுமே செல்லும். பல நாடுகளில் முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. ஆகவே, சரக்கு கப்பலேறுமுன் பதிவு வேலை தொடங்கப்பட வேண்டும்.

எந்தப் பெயரைப் பதியலாம்?

‘பொன்முடித் தேயிலை’ என்பது ஊரையும் பொருளையும் மட்டுமே சுட்டுகிறது. 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பொருள் விளைந்த இடத்தை மட்டும் குறிக்கும் சொற்களைப் பதிவதற்குத் தடை விதிக்கிறது. ஊர்ப்பெயர் அவ்வூரில் விளைவிப்போர் அனைவருக்கும் பொது. டார்ஜிலிங் தேயிலையின் பெயரைத் தனி வணிகர் எவரும் அல்லாமல் தேயிலை வாரியமே புவிசார் குறியீடாகப் பதிந்து காத்து வருவது இதனாலேயே. தனி வணிகர் தமக்கே உரிய புதுச் சொல்லையோ சின்னத்தையோ தேர்ந்தெடுப்பதே நலம்.

இரு வழிகள்

முதலாவது, ஒவ்வொரு நாட்டிலும் வழக்கறிஞர் மூலம் தனித்தனியே விண்ணப்பிப்பது. இந்தியாவில் விண்ணப்பித்த 6 மாதங்களுக்குள் பாரிஸ் உடன்படிக்கை நாடுகளில் விண்ணப்பித்தால், இந்திய விண்ணப்ப நாளையே முன்னுரிமை நாளாகக் கோரலாம்.

இரண்டாவது, மாட்ரிட் நெறிமுறை. இந்தியா 2013 ஜூலை 8 முதல் இதில் உறுப்பு நாடு. இந்திய விண்ணப்பம் அல்லது பதிவை அடிப்படையாகக் கொண்டு, நம் வணிகக் குறிகள் பதிவகத்தின் வழியே, ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்புக்கு ஒரே விண்ணப்பம் அனுப்பினால் போதும். கேரளமும் தமிழ்நாடும் சென்னைப் பதிவகத்தின் வரம்பில் வருகின்றன. ஐக்கிய அரபு அமீரகம் 2021 டிசம்பர் 28 அன்றே இந்நெறிமுறையில் சேர்ந்தது. அதுவரை துபாய்க்கு முதல் வழி ஒன்றே இருந்தது. எனவே, நாம் நாடும் நாடு உறுப்பினரா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

தேயிலை, மிளகு ஆகியவை 30ஆம் வகுப்பில் அடங்கும். இந்தியாவில் இணையவழி விண்ணப்பக் கட்டணம் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் வகுப்பொன்றுக்கு 4,500 ரூபாய். மாட்ரிட் அடிப்படைக் கட்டணம் கருப்பு வெள்ளைக் குறிக்கு 653 சுவிஸ் பிராங்க், வண்ணக் குறிக்கு 903. நாடுதோறும் உரிய கட்டணம் இதற்கு மேல். இத்தொகையை அந்நியச் செலாவணிச் சேவை உள்ள வங்கிக் கிளை வழியே அனுப்பலாம்.

ஒரே விண்ணப்பம் என்பதால் எல்லா நாடுகளும் ஏற்றதாகாது. ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி ஆராய்ந்து, 12 அல்லது 18 மாதங்களுக்குள் மறுப்பைத் தெரிவிக்கலாம். மேலும், முதல் 5 ஆண்டுகளுக்குள் இந்திய அடிப்படை வீழ்ந்தால் பன்னாட்டுப் பதிவும் வீழும். அப்போது 3 மாதங்களுக்குள் அந்தந்த நாட்டு விண்ணப்பமாக மாற்றிக்கொள்ள வாய்ப்புண்டு. பதிவின் ஆயுள் 10 ஆண்டுகள், பின்னர்ப் புதுப்பிக்கலாம்.

பதிந்தால் போதுமா?

ஐ.டி.சி. நிறுவனம் தன் ‘புகாரா’ உணவகப் பெயரை 1987இல் அமெரிக்காவில் பதிந்தது. நியூயார்க் கிளை 1991இலும் சிகாகோ கிளை 1997இலும் மூடப்பட்டன. பின்னர் நியூயார்க்கில் வேறு சிலர் ‘புகாரா கிரில்’ என்னும் உணவகம் திறந்தபோது வழக்கு எழுந்தது. பயன்படுத்தாமல் கைவிட்ட குறிக்கு அங்கே பதிவுரிமை நிலைக்காது என்று 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவைப் போலவே இடையறாப் பயன்பாடும் இன்றியமையாதது.

ஆதலின், ஏற்றுமதி விலைப்பட்டியல், கப்பல் ரசீது, விளம்பரம் ஆகியவற்றை நாடுவாரியாகப் பாதுகாத்து வாருங்கள். பயன்பாட்டுக்கு அவையே சான்று. முகவருடன் செய்யும் ஒப்பந்தத்தில், வணிகக் குறி உங்களுக்கே உரியது என்றும், முகவர் அதைத் தம் பெயரில் பதியலாகாது என்றும் எழுதிக்கொள்ளுங்கள். ஏற்றுமதிக் கடனுக்குத் திட்ட அறிக்கை தயாரிக்கும்போதே பதிவுச் செலவையும் அதில் சேர்த்துவிடுவது நன்று.