உங்க ரத்தம் எந்த ஊரு?

காலை எட்டு மணி தாம்பரம் – பீச் ட்ரெயின்ல ஏறியிருக்கீங்களா? செங்கல்பட்டு, நெல்லூர், கோட்டயம், கொல்கத்தா, கோஹிமான்னு பாதி இந்தியாவே ஒரே பெட்டியில நசுங்கிட்டு வரும். எல்லார் ரத்தமும் சிவப்புதான். ஆனா, அதுல வர்ற புற்றுநோயின் வகை இனத்துக்கு இனம், ஊருக்கு ஊர் மாறும்னு தெரியுமா?

ஒரே பேரு, பல ஆளு

வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடு இல்லாம பெருகுறதுதான் லுக்கேமியா. இதுல பல வகை. அமெரிக்கா, ஐரோப்பாவில் பெரியவங்களுக்கு அதிகமா வர்றது சி.எல்.எல். இந்தியா, சீனா, ஜப்பானில் அது அபூர்வம். அமெரிக்காவுல போய்க் குடியேறிய ஜப்பானியர்களின் வாரிசுகளுக்கும் அது குறைவாவே வருது. ஊர் மாறினாலும் மரபணு மாறலையே! நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில் பெரியவங்ககிட்ட அதிகம் பார்க்குறது சி.எம்.எல். என்கிற வேற வகை.

குழந்தைகளுக்கு அதிகம் வர்றது ஏ.எல்.எல். அதுல 'பி', 'டி'ன்னு இரண்டு பிரிவு. மேலை நாடுகளில் நூறு குழந்தைகளில் சுமார் 15 பேருக்குத்தான் 'டி'. மும்பை, டெல்லி, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் ஆகிய மூணு இடங்களிலும் 1980, 90-களில் பார்த்தப்போ இது 20-க்கு மேல. சில இடத்துல 40 வரைக்கும்கூட!

காரணம் யாரு?

மரபணு பாதி, வளர்ற சூழல் பாதின்னு சொல்லலாம். பிறந்த புதுசுலயே கிருமிகளோட பழகாத குழந்தைகளுக்கு 'பி' வகை வர வாய்ப்பு அதிகம் என்பது இங்கிலாந்து விஞ்ஞானி மெல் கிரீவ்ஸின் கருத்து. அதனால, 'எங்க ரத்தம்தான் உசத்தி'ன்னு யாரும் கிளம்பிடாதீங்க. கேன்சருக்கு ஜாதி தெரியாது!

நமக்கு என்ன பாஸ்?

நிறைய இருக்கு. வெளிநாட்டு புத்தகத்தை மட்டும் நம்பினா நம்ம நோயாளிக்குப் பொருந்தாமப் போகலாம். 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு இன்ஸ்டிட்யூட், சென்னையின் புற்றுநோய்க் கணக்கை 1980-களின் தொடக்கத்திலிருந்து எழுதி வைக்கிறது அதுக்காகத்தான். 'எம்.சி.பி. 841' என்ற சிகிச்சை முறையை நம்ம மூணு மையங்களும் கடைப்பிடிச்சு, நூத்துல 40 முதல் 60 குழந்தைகள் வரை நோய் திரும்பாம காப்பாத்திக் காட்டினாங்க.

இன்னொரு விஷயம், இது நேரா உங்களுக்கு. மருந்துக்கு மசியாத சிலருக்கு ஸ்டெம் செல் தானம்தான் கடைசி வழி. கூடப் பிறந்தவங்க ஒவ்வொருத்தரும் முழுசாப் பொருந்த நாலுல ஒரு வாய்ப்புதான். இல்லைன்னா வெளியாள் தேடணும். பொருத்தம் பெரும்பாலும் அதே இனத்துக்குள்ளதான் கிடைக்கும். அதாவது தாம்பரத்துப் பையனுக்கு ஜெர்மனியில கிடைக்கிறது கஷ்டம். அடுத்த பெஞ்சுல இருக்கலாம்!

சென்னையில் 2009-ல் தொடங்கிய 'தாத்ரி' அமைப்பில் பேரைப் பதிவு பண்ண, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவினாப் போதும். 18 வயசு முடிஞ்சு ஆரோக்கியமா இருக்கணும். பின்னால அழைப்பு வந்தா, பெரும்பாலும் கையிலிருந்தே ரத்தத்தின் வழியா ஸ்டெம் செல்லை எடுத்துக்குவாங்க. ஆனா, பேர் கொடுத்துட்டு அழைக்கும்போது பின்வாங்கினா, ஒரு உயிர் நடுவழியில நிக்கும். வீட்டுல பேசிட்டு, மனசுல உறுதி பண்ணிக்கிட்டு கொடுங்க.

விடாத காய்ச்சல், ஈறுல ரத்தம், கழுத்துல கட்டி, காரணமில்லாத சோர்வுன்னா உடனே டாக்டரைப் பாருங்க. எல்லாக் காய்ச்சலும் கேன்சர் இல்ல. ஆனா, ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையே முதல் துப்பு கொடுத்துடும்.