ஓடும்போது முதலில் களைப்பது காலா, மூளையா?

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடணும். இதற்காக கடலூர் சில்வர் பீச்சில் ஓடிப் பழகுறவங்க, மூளையையும் கவனிக்கணும்.

ஏன்?

பிரிட்டனின் பாங்கர் பல்கலைக்கழகத்தில் சாமுவேலே மார்கோரா குழு நடத்தி, 2009-ல் வெளியான ஆய்வு இது. 16 பேர் 90 நிமிடம் மூளையைக் கசக்கும் கணினி வேலை முடித்துவிட்டு சைக்கிள் மிதித்தனர். சராசரியாக 640 வினாடியில் ஓய்ந்தனர். ஆவணப்படம் பார்த்த நாளில் 754 வினாடி தாக்குப்பிடித்தனர். இதயமும் தசையும் காரணமல்ல. ‘ரொம்ப கஷ்டமா இருக்கு’ என்ற உணர்வுதான் சீக்கிரம் வந்தது.

என்ன செய்யலாம்?

* ஓட்டத்துக்கு முன் மாதிரி வினாத்தாள் வேண்டாம்.
* பயிற்சியில் மட்டும், படித்துக் களைத்த பிறகும் சில நாள் ஓடலாம். அந்தக் கஷ்டம் மூளைக்குப் பழகணும் என்பதே நோக்கம்.
* ‘முடியல’ என்று தோன்றினால், ‘இன்னும் கொஞ்சம்தான்’ என உங்களுக்கு நீங்களே சொல்லுங்க.